தோழி இல்லாத சீரியல் வீடு

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், சீரியல் காதலைப் பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று. அவ்வளவுதான். மலைப்பூண்டு விலை, இ-பாஸ், காட்டுமாடு என்று வழக்கமாக வருகிற கேள்விகளெல்லாம் ஓரமாகப் போய்விட்டன. நம் கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையிலிருந்து மன்னவனூர் வரை சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்பது இப்போது எனக்கு அத்துப்படி. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் கிடையாது. பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டிருந்ததால் மீதிப் பேர் பெயரையும் சேர்த்து எடுத்துவிட்டேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, 'கயல்' சீரியல்ல எழிலுக்குக் கயலைப் பிடிக்கும், கயலுக்கு எழிலைப் பிடிக்கும், பார்க்கிற நமக்கு அது முதல்லயே தெரியும். ஆனா அவங்க மனசு விட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள என் பையன் அஞ்சாவதுல இருந்து எட்டாவதுக்கு வந்துட்டான். குறிஞ்சி கூடப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா பூத்துடுது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சா என்ன?
— வாசகி, பண்ணைக்காடு

பதில்: சொல்லித் தொலைத்தால் மறுநாள் என்னத்தைக் காட்டுவது? அரை மணி நேரத்தில் விளம்பரம், டைட்டில் பாட்டு, நேற்று நடந்தது எல்லாம் போக இருபது சொச்சம் நிமிஷத்துக்குக் கதை வேண்டும், அதுவும் வாரத்துக்கு ஆறு நாள், வருஷத்துக்கு முந்நூறு எபிசோடு. சொல்லாத காதல் அவர்களுக்குப் பேங்கில் போட்ட டெபாசிட் மாதிரி. வட்டியிலேயே காலம் தள்ளலாம், அசலில் கை வைத்தால் கதை தீர்ந்துபோகும். இதில் வியாழக்கிழமை ஆனால் ரேட்டிங் வேறு வருகிறது. ஓடுகிற ட்ராக்கை இழுப்பார்கள், ஓடாததை வெட்டுவார்கள். நாயகனுக்கு வேறு இடத்தில் கால்ஷீட் என்றால் ஜோடி சண்டை போட்டுக்கொண்டு பிரியும், அவன் 'வெளியூர்' போவான், தேதி கிடைத்ததும் சமாதானம் ஆகிவிடுவார்கள். நாம் இங்கே வெங்காயம் இல்லாமலே அழுதுகொண்டிருப்போம்.

ஆனால் கயலை நான் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். அப்பா இல்லாத வீட்டை நர்ஸ் வேலை பார்த்துத் தாங்குகிறவள். கூடப்பிறந்தவர்களுக்காகத் தன் கல்யாணத்தைக் கடைசியில் வைத்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

என் குறை வேறு. நாம் இருப்பது குறிஞ்சி நிலம். காதலுக்கு என்றே ஒதுக்கிய நிலம். பள்ளிக்கூடத்தில் 'அறத்தொடு நிற்றல்' என்று படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. பெண் இளைத்துப் போகிறாள், செவிலித்தாய் பேயா சாமியா என்று குறி கேட்கக் கிளம்புகிறாள், தோழி குறுக்கே வந்து 'பேயும் இல்லை சாமியும் இல்லை, இவள் மனசு இன்னான் மேலே இருக்கிறது' என்று போட்டு உடைத்துவிடுகிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்க இந்த ஒரு பேச்சுதான். மொத்தம் 261 அடி. அதற்குள் 99 பூவின் பெயரைச் சொல்லி, நாய்கள் சூழ்ந்ததைச் சொல்லி, மதம் பிடித்த யானை வந்ததைச் சொல்லி, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் பார்த்ததைச் சொல்லி, அவன் நல்லவன், கல்யாணம் செய்துகொள்வான் என்றும் சொல்லி முடித்துவிடுகிறாள். இதே சரக்கு நம் ஆட்களிடம் கிடைத்தால் யானைக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குவார்கள்.

சீரியல் வீட்டில் அத்தை, சித்தி, நாத்தனார், ஓரகத்தி என்று பதினைந்து பேர் இருக்கிறார்கள், தோழி மட்டும் இல்லை. உண்மை தெரிந்தவர்கள் இரண்டே வகை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டு மிரட்டுகிறவர்கள் ஒரு வகை. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு' என்றதும் கையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை.

கேள்வி: ஹாஸ்டல்ல இதைப் பத்தி ஒரு சண்டையே நடந்தது. சீரியல்ல காதலிச்சுக் கல்யாணம் பண்றவங்க எல்லாம் ஏமாந்து போறாங்க, இல்ல ஏமாத்துறாங்க. ஆனா மணமேடையில ஆள் மாறித் தாலி கட்டின ஜோடிதான் எல்லாருக்கும் ஃபேவரிட். யாரோ ஒருத்தன் கழுத்துல கட்டிட்டா அவன் மேல காதல் தானா வந்துடுமா? எங்களுக்கு எரிச்சலா இருக்கு.
— மாணவிகள், அட்டுவம்பட்டி

பதில்: எரிச்சலில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பிறகு பேசலாம்.

ஆள் மாறிய ஜோடி என்றால் 'சிறகடிக்க ஆசை' முத்து – மீனா. மனோஜுக்குப் பேசிய பெண், அவன் பணத்தோடு கம்பி நீட்டியதால் தம்பி கையால் தாலி. அதற்கு முன்னால் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' கதிர் – முல்லை, அங்கேயும் அண்ணன் ஜீவாவுக்குப் பேசி வைத்த பெண்தான். 'ரோஜா'வில் ஒரு படி மேலே போய் ஒப்பந்தம் போட்டுக் கல்யாணம் செய்தார்கள். ஏன் இப்படி என்று யோசித்துப் பாருங்கள். பாட்டி, அம்மா, மருமகள், பேத்தி நான்கு பேரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் ஒருவன் கையைப் பிடித்தால் பாட்டி முகம் சுளிப்பாள், கல்யாணமான பிறகு பிடித்தால் பேத்திக்குச் சுவாரசியம் இல்லை. இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: முதலில் தாலியைக் கட்டிவிடு, காதலை அப்புறம் ஆரம்பி. இரண்டு பேரும் சட்டப்படி புருஷன் பெண்டாட்டி, மனசுப்படி அந்நியர்கள். ஓரக்கண் பார்வை, காய்ச்சலில் நெற்றியில் கை வைப்பது, பாயை நகர்த்திப் போடுவது எல்லாவற்றையும் பாட்டிக்கு முன்னாலேயே காட்டலாம்.

எங்கள் அம்மா கதிர் – முல்லை வரும்போது மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள். அப்பாவை முதன்முதலில் நேராகப் பார்த்தது கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று நாளில் தனக்கு நடக்காமல் போனதை அவள் அங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும், கேட்டதில்லை. அதனால் இந்த வகைக் கதையை மொத்தமாகத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. இதுதான் நான் சொன்ன மீதிப் பாதி.

ஆனால் இதிலும் இரண்டு ரகம் இருக்கிறது. முத்துவும் சிக்கிக்கொண்டவன், மீனாவும் சிக்கிக்கொண்டவள், அந்தக் கசப்பு இரண்டு பேருக்குமே இருந்தது, அதைக் காட்டினார்கள். அது எனக்குச் சரி. நாயகன் ஆத்திரத்தில், பழிவாங்க, பெண் திமிறத் திமிறத் தாலி கட்டுகிறான் பாருங்கள், அப்புறம் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள் பாருங்கள், அங்கே நான் எழுந்து போய்விடுவேன். கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய கல்யாணத்தைக் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யலாம், இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவு. கட்டாயம் விலகி அல்லது ஏமாற்று தெரியவந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இன்னொன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர், நண்பர்கள் முன்னால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னாலே அது கல்யாணம், இல்லை மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் செல்லும். இரண்டு பேரும் வாய் திறந்து சொன்னாலே போதும் என்பதைக் கவனியுங்கள். சீரியலில் அந்த வாயைத்தான் திறக்கவே விட மாட்டேன் என்கிறார்கள்.

கேள்வி: மேடம், என் மனைவி தினமும் 'முத்து மாதிரி இருக்கீங்களா?' என்கிறாள். கேரட் தோட்டத்துல நாள் பூரா நின்னுட்டு வர்றேன். கார் ஓட்டிட்டு வர்ற ஒரு சீரியல்காரனோட என்னை ஏன் ஒப்பிடணும்?
— வாசகர், மன்னவனூர்

பதில்: முத்துவுக்கு வசனம் எழுதித் தர ஆள் இருக்கிறது, உங்களுக்கு இல்லை, அது உண்மைதான். ஆரம்பத்தில் அவன் குடித்துவிட்டு வந்து செய்த ரகளையை உங்கள் வீட்டில் வசதியாக மறந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் தம்பி, உங்கள் மனைவி கேட்பது பூவோ கிஃப்டோ என்று நினைத்தால் தப்பு. மீனாவே பூ விற்கிறவள், அவளுக்கு எதற்குப் பூ? விஜயா மருமகளை மட்டம் தட்டும்போது முத்து அம்மாவிடம் எதிர்த்துப் பேசுகிறான். எனக்குத் தெரிந்து பெண்கள் அவனைப் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான். உங்கள் அம்மாவோடு சண்டை போடச் சொல்லவில்லை. அடுத்த தடவை குழம்பில் உப்பு பற்றிப் பேச்சு வரும்போது, தட்டைப் பார்க்காமல் நிமிர்ந்து 'எனக்குச் சரியாத்தான்மா இருக்கு' என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். பலனை எழுதுங்கள்.

கேள்வி: 'பாக்கியலட்சுமி' கோபியை எல்லாரும் ஏன் இப்படித் திட்டினார்கள்? கல்லூரியில் விரும்பிய பெண்ணை நடுவயதில் மறுபடி பார்க்கிறார், மனம் போகிறது. இதில் வில்லத்தனம் எங்கே இருக்கிறது? பழனியாண்டவருக்கே இரண்டு மனைவிகள்தானே?
— ஓய்வுபெற்ற வாசகர், கொடைக்கானல்

பதில்: ஐயா, பழனியில் நிற்பவர் கோவணத்தோடு தனியாகத்தான் நிற்கிறார். மாம்பழத் தகராறில் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர், அது சொத்துப் பிரச்சினைக் கணக்கில் வரும். வள்ளி விஷயத்தில் கிழவர் வேஷம் போட்டதும் அண்ணனை யானையாக வரவழைத்ததும் உண்மை, ஆனால் சாமி கதையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற புருஷனை எந்தப் பெண்டாட்டியும் நம்பக் கூடாது.

கோபிக்கு ராதிகாவைப் பிடித்ததை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பிடித்துப்போவது யார் கையிலும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் பாக்கியா கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் ராதிகாவிடம் தன் மனைவி யார் என்றே சொல்லாமல், அந்த இரண்டு பெண்களும் நன்றாகப் பழகிக்கொண்டிருப்பதைப் பார்த்து வியர்த்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டினார்! அவர் ஏமாற்றியது இரண்டு பேரை. அந்தச் சீரியலில் எனக்குப் பிடித்ததே ராதிகாவை வழக்கமான சக்களத்தி வில்லியாக ஆரம்பிக்காமல், அவளையும் ஏமாந்தவளாகக் காட்டியதுதான். பிற்பாடு வேறு மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள், அது ரேட்டிங் வேலை.

முதலில் வங்காளத்தில் 'ஸ்ரீமோயி' என்று வந்த கதை இது, அப்புறம் இந்தியில் 'அனுபமா', தமிழில் 2020-இல் பாக்கியா. கல்கத்தாவிலும் பம்பாயிலும் வத்தலக்குண்டிலும் பெண்கள் ஒரே கதையைத் தங்கள் வீட்டுக் கதை என்று பார்த்திருக்கிறார்கள் என்றால், ஐயா, கோபிகள் எண்ணிக்கை கொஞ்சம் அதிகம் என்றுதான் அர்த்தம்.

கேள்வி: ஹனிமூன்னா ஏன் எல்லா ஜோடியும் கொடைக்கானலுக்கே வருது?
— பெருமாள்மலை

பதில்: ஊட்டிக்கும் போகிறார்கள், நமக்குத்தான் நம் ஊர் மட்டும் கண்ணில் படுகிறது. ஏரி, கோக்கர்ஸ் வாக், பனிமூட்டம், ஒரு குல்லாய், வேலை முடிந்தது. எனக்குப் புரியாத விஷயங்கள் சில உண்டு. நாம் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்குகிற நேரத்தில் நாயகி மட்டும் ஷிபான் புடவையில் எப்படி நிற்கிறாள்? சீசன் இல்லாத நாளில்கூட லாட்ஜில் 'ஒரே ஒரு ரூம்தான் இருக்கு' என்று ஏன் சொல்கிறார்கள்? 2024 மே மாதத்திலிருந்து இந்த மலை ஏற இ-பாஸ் வேண்டும், அப்படியிருக்க ஜோடிக்குப் பின்னாலேயே வில்லிக்கும் அவள் அடியாட்களுக்கும் அன்றைக்கே பாஸ் எப்படிக் கிடைக்கிறது? நம் மைத்துனர் வத்தலக்குண்டுச் சாலையில் அதைக் காட்டிவிட்டு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

கேள்வி: நடிக்கிறவங்க நிஜமாவே காதலிப்பாங்களா?
— பூம்பாறை

பதில்: சில பேர். 'சரவணன் மீனாட்சி' செந்திலும் ஸ்ரீஜாவும் 2014-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 'ராஜா ராணி' சஞ்சீவும் ஆல்யா மானசாவும் அப்படித்தான். அந்தச் சஞ்சீவ்தான் பண்ணைக்காட்டு வாசகி திட்டுகிற எழில். நிஜ வாழ்க்கையில் அவர் சட்டுபுட்டென்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

கேள்வி: 'கோலங்கள்' ஓடின காலத்துல எங்க தெருவுல ரெண்டு வீட்லதான் கேபிள். ஒரு வீட்ல, அபியும் தொல்ஸும் சேரணும்னு ஒரு கட்சி, சேரவே கூடாதுன்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. இப்ப நினைச்சா, நான் சரியா?
— வாசகி, தாண்டிக்குடி

பதில்: நானும் உங்கள் கட்சிதான், இன்றைக்கும். 2003-இலிருந்து 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல். இயக்கிய திருச்செல்வமே தொல்ஸ் என்கிற தொல்காப்பியனாக நடித்தார். அபி, புருஷன் பாஸ்கரோடு வாழ்க்கை உடைந்துபோன ஒரு பெண், பக்கத்தில் ஓர் ஆண் நிற்கிறான், அவள் தொழிலுக்கு நிற்கிறான், அவள் குடும்பத்துக்கு நிற்கிறான், பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் டிவி வைத்திருந்த வீட்டுத் திண்ணைகளில் இது பெரிய விஷயம். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டே நடந்தால் ஒன்று அண்ணன் தங்கை, இல்லை வேறு மாதிரி என்று முடிவு கட்டுகிற ஊரில், மூன்றாவதாக ஒன்று உண்டு என்று காட்டினார்கள். சேர்த்துவைத்திருந்தால் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லக் காத்திருந்த அத்தனை பேரும் ஜெயித்திருப்பார்கள். மேலே தோழி இல்லை என்று புலம்பினேனே, யோசித்துப் பார்த்தால் அபிக்குத் தோழி இருந்தாள். மீசை வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

கேள்வி: ஊரைப் போடாதீங்க. என் மகள் கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறாள். அங்க ஒரு பையனை விரும்புறாளாம். என்கிட்ட சொல்லல, அவ அத்தைகிட்ட சொல்லியிருக்கா. நாத்தனார் வந்து என்கிட்டயும் இவர்கிட்டயும் நடுக்கூடத்துல வெச்சு சொல்லிட்டாங்க. பையன் வேற ஆளுங்க. மூணு வாரமா மகள்கிட்டயும் பேசல, நாத்தனார்கிட்டயும் பேசல. இதுல ஒரு கூத்து, சீரியல்ல காதலிக்கிற பொண்ணுங்களுக்காக நான் தினமும் அழறவ. 'சேர்த்து வெச்சா என்னவாம் இந்தக் கிழவிக்கு'ன்னு டிவியைப் பார்த்துத் திட்டுறவ. எனக்கே வெட்கமா இருக்கு.

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிவியில் அழும்போது நமக்குச் செலவு கிடையாது. அங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் பணம், அவன் பங்களா, அவள் ஓட்டு வீடு, மிஞ்சினால் பழைய குடும்பப் பகை. நீங்கள் 'வேற ஆளுங்க' என்று இரண்டே சொல்லில் எழுதினீர்களே, அந்த இரண்டு சொல்லை அந்த வீடுகளில் அநேகமாக யாரும் உச்சரிப்பதில்லை. சாதி இல்லாத ஊரில் நடக்கிற காதலுக்கு அழுது பழகிவிட்டு, சாதி இருக்கிற ஊரில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால்தான் அந்தக் கண்ணீர் வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் நின்றுபோகிறது.

முதலில் நாத்தனாரிடம் பேசுங்கள். மகளுக்கு முன்னால் அவரிடம்தான். அவர் நினைத்திருந்தால் உங்களுக்குத் தெரியாமல் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம், நாளைக்குப் பதிவு அலுவலகத்திலிருந்து போன் வந்திருக்கும். இல்லை, உங்களிடம் மட்டும் காதைக் கடித்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, தன் பெயர் கெடும் என்று தெரிந்தே, நேராகச் சொன்னார். பண்ணைக்காட்டுக்காரருக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள். தேடிக்கொண்டிருந்த ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார், அவரோடு நீங்கள் டூ விட்டிருக்கிறீர்கள்.

மகள் உங்களிடம் சொல்லவில்லையே என்ற கோபம் பெரிய கோபம், அது எனக்குப் புரிகிறது. சாதியைவிட அதுதான் உங்களைக் குடைகிறதோ என்று கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது தோன்றியது. அவளைக் கூப்பிட்டு அதையே சொல்லுங்கள், 'ஏன்டி என்கிட்ட சொல்லல' என்று. திட்டியே ஆரம்பியுங்கள், பரவாயில்லை, பேச்சு ஆரம்பித்தால் போதும். அப்புறம் பையனைப் பற்றி, எந்த மாப்பிள்ளைக்கும் விசாரிக்கிறதை விசாரியுங்கள். என்ன வேலை, கடன் உண்டா, குடி உண்டா, கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறான், அவன் அம்மா அப்பாவுக்கு விஷயம் தெரியுமா. நாத்தனாரோடு ஒரு நாள் கோயம்புத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ்ஸில் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. பார்த்த பிறகும் பையன் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பார்க்காமலே சொன்னால், நீங்கள் டிவியில் திட்டுகிற அந்தக் கிழவியின் வசனம்தான் அது.

உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கூட எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: போன செவ்வாய்க்கிழமை ராத்திரி மழையில சரியா அவ உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும்போது கரண்ட் போயிடுச்சு. போன்ல பார்க்கலாம்னா டவரும் இல்ல. நீங்களும் அதே சீரியல்தான் பார்ப்பீங்கன்னு தெரியும். சொன்னாளா இல்லையா?
— வில்பட்டி

பதில்: எங்கள் தெருவிலும் போய்விட்டது. மாமியாரும் நானும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, சொல்லியிருப்பாள், சொல்லியிருக்க மாட்டாள் என்று வாக்குவாதம் செய்தோம். காலையில் போனில் பார்த்தேன். வாயைத் திறந்தாள். காலிங் பெல் அடித்தது.